தாத்தாவின் பட்டாளமும் பேரனின் இன்ஜினியரிங் சீட்டும்

வேலூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். பிளஸ் டூ படிக்கும் மகன் ராணுவத்துக்குத்தான் போவேன் என்கிறானாம். அவருடைய அண்ணனோ, நிலத்தை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்கிறார். "மாமனாரின் சண்டைக் கதைகளைக் கேட்டே பையன் மனசு மாறிட்டான் சார்" என்று புலம்பல்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த அடமானம் வேண்டவே வேண்டாம். வட்டி கட்டப்போவது நீங்கள், உங்கள் அண்ணன் அல்ல. பிடிக்காத படிப்பில் நான்கு வருடம் உட்காரப்போவது உங்கள் மகன்.

மாமனாரிடம் போனில் பேசினேன். ராணுவத்தின் இன்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 28 வருடம் இருந்தவர். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், பசந்தர் ஆற்றங்கரைக் கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்கு வழி திறந்த 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட்டில் இருந்திருக்கிறார். ராத்திரிக் குளிரில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகித் தடவிப் பார்த்து, வெடி இல்லாத இடத்துக்கு வெள்ளை நாடா கட்டிக்கொண்டே நகர்ந்ததைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் திரும்பவில்லை என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. உங்கள் கணவர் பிறந்த சேதிகூட லடாக்கில் இருந்தவருக்கு இன்லேண்ட் லெட்டரில்தான் போயிருக்கிறது. ஆசை காட்டும் கதையா இது? இத்தனையும் கேட்ட பிறகும் போகிறேன் என்கிற பையனின் விருப்பத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ராணுவ அதிகாரியாக என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு பற்றி அவனுக்கே தெரியும், எழுதட்டும். நம் ஊரில் அதிகம் பேர் கவனிக்காதது, பிளஸ் டூ முடித்தவர்களை இன்ஜினியர் அதிகாரிகளாக ராணுவம் எடுக்கும் டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் சேர்த்து 60 சதவீதம் வேண்டும். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில். தனி எழுத்துத் தேர்வு கிடையாது. ஜேஇஇ மெயின் என்ற தேசிய இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வின் தரவரிசையைப் பார்த்து நேராக ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரித் தேர்வு வாரிய) நேர்முகத்துக்கு அழைப்பார்கள். தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங் போதும் என்று ஜேஇஇ எழுதாமல் விடும் நம் பிள்ளைகள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தேர்வானால் புனே, மாவ், செகந்திராபாத்தில் உள்ள ராணுவக் கல்லூரிகளில் ஒன்றில் 3 வருடம், டேராடூன் ராணுவ அகாடமியில் 1 வருடம். இன்ஜினியரிங் பட்டமும் லெப்டினன்ட் பதவியும் கிடைக்கும். பயிற்சிச் செலவு அரசுடையது. கடைசி வருடம் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. உங்கள் அண்ணன் கேட்கிற இன்ஜினியரும் இதில் இருக்கிறார், தாத்தாவின் சாப்பர் வேலையும் இருக்கிறது.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பேட்ச்சுக்கு 90 பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். நடுவில் தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் கவுன்சலிங்கிலும் பதிவு செய்யுங்கள். அரசுக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தாலும் சரி. பட்டம் முடித்த பிறகும் ராணுவத்தில் அதிகாரியாகச் சேர வழி இருக்கிறது.

ராணுவத்தில் மருத்துவப் பரிசோதனையும் உண்டு, அதனால் இந்த வாரமே கண் டாக்டரிடம் நிறப்பார்வையைச் சோதியுங்கள், தட்டைப் பாதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் தாத்தாவோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும். ஜேஇஇ விண்ணப்பம் அக்டோபர், நவம்பர் வாக்கில் திறக்கும். அதற்குள் சான்றிதழ்களில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபார்த்து வையுங்கள். அண்ணனிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்புங்கள்.