ஆஸ்பத்திரி டெபாசிட்டுக்காக நகையை வைக்காதீர்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் மணலியில் ஒரு தனியார் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறார். சம்பளம் 19,500 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். அவருக்கு இருமுனை மனநிலைக் கோளாறு. இரண்டு வருடம் முன்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது தூக்கமே இல்லை, கண்டபடி செலவு செய்கிறார். மூன்று வாரம் அட்மிட் செய்யச் சொல்கிறார் டாக்டர். தனியார் மருத்துவமனையில் 2,25,000 ரூபாய் ஆகும், முதலில் 50,000 கட்டுங்கள் என்கிறார்கள். எஃப்.டி.யில் 1,40,000 இருக்கிறது. 9 பவுன் நகையும், மாதம் 5,000 கட்டும் சீட்டும் உண்டு. 14 மாதம் முன்பு எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசி இருக்கிறது. நான் வீட்டில் தைத்து 5,000 வரை சம்பாதிக்கிறேன். நகையை அடகு வைக்கட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி. இந்த நோயில் ஆஸ்பத்திரிச் செலவைவிட, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஆறு மாதம்தான் குடும்பத்தைச் சாய்க்கும். சம்பளம் நின்றிருக்கும், மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் கை காலியாக இருந்தால் முதலில் நிற்பது மாத்திரைதான். மாத்திரை நின்றால் மறுபடி அட்மிஷன். அதனால் கையிருப்பை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, படுக்கையை அரசிடம் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்திலேயே அயனாவரம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ஊர் வாயில் அது கேலிப்பேச்சாகிவிட்டது, அதற்காகத் தயங்காதீர்கள். 24 மணி நேரமும் மனநல மருத்துவர்கள் இருக்கும் இடம் அது. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எப்போது நிறுத்தினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

அவரே சம்மதித்தால் சுலபம். மறுத்தாலும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அவருடைய நியமனப் பிரதிநிதியாக (சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் நிற்பவராக) நீங்கள் விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துத் தேவை என்று சொன்னால், 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். கட்டுக்கடங்காமல் போனால் 108ஐக் கூப்பிடுங்கள். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள்.

இனி ஈ.எஸ்.ஐ. உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அதுதான். சம்பந்தப்பட்ட ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலப் பயனாகச் சராசரி தினச் சம்பளத்தில் 70% கிடைக்கும், அதிகபட்சம் 91 நாள். தினச் சராசரி 650 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 455, மாதம் 13,650. ஆரம்பத்தில் இரண்டு நாள் காத்திருப்புக்குப் பணம் வராது. 91 நாளிலும் தேறவில்லை என்றால் நீட்டித்த நோய்ப் பயன் உண்டு. அதில் 80%, அதாவது நாளுக்கு 520 ரூபாய். இரண்டு வருடத் தொடர் வேலை வேண்டும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். உங்கள் கணவருக்கு அது இருக்கும்.

பலருக்கு இது கைநழுவுவது சான்றிதழில். நீட்டித்த பயனுக்குரிய நோய்ப் பட்டியலில் சைக்கோசிஸ் என்ற தலைப்பின் கீழ் மேனிக் டிப்ரெசிவ் சைக்கோசிஸ் இருக்கிறது, இருமுனைக் கோளாறின் பழைய பெயர் அது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மனநலப் பிரச்சினை’ என்று மொட்டையாக இருந்தால் கோப்பு நகராது. நோயின் பெயரை முழுமையாக எழுதித் தரக் கேளுங்கள். அட்மிஷன் தாளையும் சம்மரியையும் உங்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டி, இடைவெளி விழாமல் சான்றிதழ் வாங்கிக்கொண்டே இருங்கள். ஈ.எஸ்.ஐ. பரிந்துரை இல்லாமல் நீங்களாகத் தனியாரில் சேர்த்துவிட்டு, பிறகு பில்லைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

மெடிக்ளெய்மை நம்ப வேண்டாம். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, நிஜம்தான். ஆனால் அவர் மாத்திரையை நிறுத்திப் பத்து மாதத்தில் பாலிசி எடுத்திருக்கிறீர்கள். பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் சிகிச்சை பெற்றிருந்தால் அது ஏற்கெனவே இருந்த நோய். அதற்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், உங்களுக்கு 14 மாதம்தான் ஓடியிருக்கிறது. ‘எத்தனை வருஷமா இருக்கு?’ என்று அட்மிஷனில் கேட்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள், இன்சூரன்ஸ்காரர் கேட்டு வாங்குவது அந்தத் தாளைத்தான். யாராவது ‘புதுசா வந்ததுன்னு சொல்லுங்க’ என்றால் கேட்காதீர்கள். க்ளெய்மும் போகும், பாலிசியும் ரத்தாகலாம், டாக்டருக்கும் தவறான தகவல் போகும். பாலிசி எடுக்கும்போது நிரப்பிய ப்ரொப்போசல் படிவத்தில் இந்த நோயைக் குறிப்பிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். மறைத்திருந்தால் இப்போதே எழுத்தில் தெரிவியுங்கள். ப்ரீமியத்தையோ விதிகளையோ மாற்றலாம், ரத்தும் செய்யலாம், இருந்தாலும் பிந்திப் பிடிபடுவதைவிட இதுவே மேல். மறுவாழ்வு இல்லத்தில் தங்குவதும் குடிப்பழக்க சிகிச்சையும் பொதுவாகப் பாலிசிகளில் விலக்கப்பட்டவை என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போது கணக்கு. சம்பளத்துக்கும் ஈ.எஸ்.ஐ. பணத்துக்கும் வித்தியாசம் 5,850. அவரைப் பார்த்துக்கொள்வதில் உங்கள் தையல் வருமானம் முழுதும் நின்றாலும் மாதத் துண்டு 10,850, மூன்று மாதத்துக்கு 32,550. ஈ.எஸ்.ஐ. பணம் முதல் மாதமே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆகவே எஃப்.டி.யை உடைக்காமல், அதன் மேல் 50,000 கடன் எடுத்து உங்கள் கணக்கில் போட்டு வையுங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். அடகுக் கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் என்றாலே வருடத்துக்கு 24%. சீட்டையும் அவசரத்தில் பெருந்தொகை தள்ளி எடுக்காதீர்கள், தவணையை மட்டும் கட்டி வாருங்கள்.

அட்மிட் செய்யும் முன்பே, அவர் ஓரளவு ஒத்துழைக்கும் ஒரு வேளையில், அவர் கையாலேயே யூ.பி.ஐ., கார்டு வரம்பைக் குறைக்கச் செய்யுங்கள். இந்த நிலையில் கடன் ஆப்களில் வாங்கிவிடுவது நிறைய நடக்கிறது, ஃபோனில் வந்த மெசேஜ்களைப் பாருங்கள். நியமனப் பிரதிநிதி என்பது சிகிச்சைக்கு மட்டும்தான், அவர் வங்கிக் கணக்கை இயக்க அது அதிகாரம் தராது. அவர் பெயரில் இ.எம்.ஐ. ஏதும் ஓடினால், தவணைத் தேதிக்கு முன்பே அட்மிஷன் தாளின் நகலோடு கிளைக்குப் போய் அவகாசம் கேளுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு கேட்டால் அபராதம் ஏறியிருக்கும்.