கடைசியாக ஒருமுறை பார்க்கப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

'அழிவதற்குள் பார்த்துவிட வேண்டிய இயற்கை அதிசயங்கள்' என்று வாரம் தவறாமல் ஒரு பட்டியல் கண்ணில் படுகிறது. அதில் எப்போதும் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃப் இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் பார்க்கப் போகும் கூட்டம்தானே அதை அழிக்கிறது? இருக்கும்போதே பார்த்துவிடுவதா, நானாவது போகாமல் இருப்பதா?

கே.

அன்புள்ள கே.,

போங்கள். இழவு வீட்டுக்குப் போகிற மனநிலையில் மட்டும் போகாதீர்கள்.

அந்தப் பட்டியல்களில் எனக்குப் பிடிக்காதது, எது எதனால் அழிகிறது என்பதைப் பிரித்துச் சொல்லாமல் 'மனிதர்களால்' என்று முடித்துவிடுவது. எந்த மனிதர்கள்? பிரேசில்-பராகுவே எல்லையில் பரானா ஆற்றில் குவைரா என்று ஒரு அருவித்தொடர் இருந்தது; பாயும் நீரின் அளவில் உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இத்தாய்ப்பு அணையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அருவி மூழ்கப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று ஜனம் திரண்டது. 1982 ஜனவரியில் பாரம் தாங்காமல் அங்கிருந்த நடைபாலம் அறுந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அக்டோபரில் அணையை மூடினார்கள், இரண்டே வாரத்தில் நீர் நிரம்பி அருவி உள்ளே போய்விட்டது. அப்புறம் படகுகளுக்கு இடைஞ்சல் என்று மீதிப் பாறைகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 14,000 மெகாவாட் மின்நிலையம் அது, இரண்டு நாடுகளுக்கு விளக்கெரிகிறது, வெறும் முட்டாள்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியாது. ஆனால் அருவியைப் பார்க்க வந்தவர்கள் யாரும் அதை அழிக்கவில்லை.

ஏரல் கடலும் அப்படித்தான். 1960களில் சோவியத் அரசு பருத்திப் பாசனத்துக்காக அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைத் திருப்பியது, உலகின் நான்காவது பெரிய ஏரி பெரும்பாலும் பாலைவனமாகிவிட்டது. அதே ஏரியின் வடக்குத் துண்டுக்கு 2005இல் கஜகஸ்தான் ஒரு தடுப்பணை கட்டி முடித்ததும் நீர்மட்டம் ஏறியது, உப்பு குறைந்தது, மீனும் மீன்பிடிப்பும் திரும்பின. தெற்கில் அது நடக்கவில்லை.

நீங்கள் பயப்படுகிற மாதிரி நடந்த இடமும் உண்டு, தாய்லாந்தின் மாயா விரிகுடா. ஒரு ஹாலிவுட் படத்தால் பெயர் பரவி, நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து, படகுகளின் நங்கூரம் பட்டே பவளம் நொறுங்கியது. 2018இல் இழுத்து மூடினார்கள். 2022இல் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் இறக்கிவிட வேண்டும் என்று விதி போட்டார்கள். மூடியிருந்த காலத்திலேயே சுறாக்கள் திரும்பிவிட்டன. கூட்டம்தான் காரணம் என்றால் ஒரு கதவைச் சாத்தினால் போதும்.

கிரேட் பேரியர் ரீஃபுக்கு அப்படி ஒரு கதவு இல்லை, சிக்கல் அதுதான். கடல் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் அப்படியே நின்றாலே, பவள உயிரி தனக்குள் வாழ்ந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெளுத்தது உடனே சாவதில்லை, சூடு தணிந்தால் பாசி திரும்பும், பிழைத்துக்கொள்ளும். செத்த இடத்தில் சீக்கிரம் வளரும் வகைகள் மறுபடி நிறைவதற்கே பத்து வருடம் போலாகும். 1998, 2002 என்று பெரிய வெளுப்பு வந்தபின், 2016 வரை அந்த இடைவெளி ஏதோ கிடைத்தது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று வந்தால் எப்போது தேறுவது?

கடலைச் சூடாக்குவது நாம் எரிக்கும் எரிபொருளின் புகை. ஆக, உங்கள் பங்கு உங்களை அங்கே கொண்டுபோகும் விமானப் புகையில் இருக்கிறது, நீச்சல் துடுப்பில் அல்ல. பத்து நாளில் ஐந்து அதிசயம் காட்டுகிற பயணங்களை விட்டுவிட்டு, ஒரே இடத்துக்குப் போய் நிறைய நாள் இருங்கள். 2,300 கிலோமீட்டர் நீளம், எல்லாம் ஒரே மாதிரி சாகவுமில்லை. நன்றாக இருப்பதையும் வெளுத்ததையும் சேர்த்தே காட்டும் படகுக்காரரைத் தேடுங்கள். பயணிகளிடம் வாங்கும் கட்டணம் ஒன்று அந்தக் கடல் பூங்காவின் பராமரிப்புக்கே போகிறது, அதைக் கொடுக்கச் சங்கடப்பட வேண்டாம்.

அப்புறம், நவம்பர் முதல் மே வரை அங்கே கொட்டும் ஜெல்லிமீன் காலம். அப்போது போனால் உடம்பு முழுக்க மூடுகிற உடை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குங்கள்.