வலிக்காத கட்டிதான் கவனிக்க வேண்டியது

வாசகிகளின் கேள்விகளுக்குப் புற்றுநோய் மருத்துவர் பதில்

43 வயது. குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியே இல்லை. மகளின் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம், இந்த வாரமே போங்கள். வலி இல்லை என்றுதான் பலரும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, தோல் குழி விழுவது, அக்குளில் நெறி கட்டுவது எல்லாமே உடனே காட்ட வேண்டியவை. அதற்காக இப்போதே கலங்காதீர்கள். பரிசோதனைக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான்.

டாக்டர் தொட்டுப் பார்ப்பார். பிறகு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன். சந்தேகம் இருந்தால் ஊசியால் துளி சதை எடுத்து பயாப்ஸி. ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பயாப்ஸி எதற்கு, நேரே அறுத்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரைப் பாருங்கள். என்ன கட்டி என்று தெரியாமல் கத்தி வைத்தால், பின்னால் சிகிச்சை சிக்கலாகும்.

24 வயது. மாதவிலக்குக்கு முன் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது.

ஹார்மோன் வேலை. மாதவிலக்கு வந்ததும் குறைந்தால் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் நீடித்தால் காட்டுங்கள்.

அத்தைக்கு 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்பா வழி என்பதால் எனக்கு வராதாமே?

யார் சொன்னது? மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியிலும் வரும். அப்பாவுக்கு இருந்தால் அந்தக் கோளாறு உங்களுக்கு வர சரிபாதி வாய்ப்பு. முடிந்தால் முதலில் அத்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது. ஆனால் மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரை. “எங்க குடும்பத்தில் யாருக்கும் இல்லை” என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வயது, தாமதமான முதல் பிரசவம், மாதவிலக்கு நின்றபின் கூடும் எடை, மது எல்லாமே கணக்கில் வரும். தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான்.

மேமோகிராம் வசதி இல்லாத ஊர். என்ன செய்வது?

நர்ஸ் கையால் பார்ப்பதை லேசாக நினைக்காதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்ததில், 50 வயது தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அரசுத் திட்டத்தில் 30 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஆண்களுக்கு வருமா?

வரும், அபூர்வமாக. நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் ஆண். வீட்டுக்காரருக்குக் காம்புக்குக் கீழே கட்டி என்றால் அவரையும் கூட்டிவாருங்கள்.