ஸ்கேல், காம்பஸ் இல்லாமல் வெறுங்கையால் வரையும் ஃப்ரீஹேண்ட் ஸ்கெட்சுக்கு என்னென்ன வாங்கலாம்?

கேள்வி: டெக்னிக்கல் டிராயிங் கற்கத் தொடங்கியிருக்கிறேன். 24 பென்சில் அடங்கிய பெட்டியை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். லேசான வரைவுக்குக் கடினமான 2எச் பென்சில் ஒன்று, அழுத்திப் போட அதைவிடக் கருமையான எச்பி ஒன்று, நல்ல ரப்பர் ஒன்று. வாங்க வேண்டியது அவ்வளவுதான்.

கேள்வி: கன உருவங்கள் வரைய முக்கோணக் கட்டம் போட்ட ஐசோமெட்ரிக் நோட்டு ஆன்லைனில் வாங்கினேன். கட்டத்தைப் பின்பற்றித்தான் கனசதுரம் வரைகிறேன்; ஆனாலும் நசுங்கித் தெரிகிறது. அச்சிட்ட கட்டக் கோடுகளும் கன்னங்கரேலென்று இருக்கின்றன. ‘உங்கள் கை பழகவில்லை’ என்று விற்றவர் திருப்பி வாங்க மறுக்கிறார்.

பதில்: உங்கள் கையில் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐசோமெட்ரிக் தாளில் ஒரு வரிசைக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். மற்ற இரண்டு வரிசைகளும் கிடைக்கோட்டிலிருந்து இடமும் வலமுமாக 30 டிகிரி ஏற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முக்கோணமும் சமபக்கமாக வரும். ஸ்கேலை எடுத்து, மூன்று திசையிலும் பத்துப் பத்துக் கட்டம் எண்ணி அளந்து பாருங்கள். மூன்றும் ஒரே நீளம் வராவிட்டால், கட்டத்தை ஒரு பக்கமாக இழுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அதில் யார் வரைந்தாலும் கனசதுரம் நசுங்கத்தான் செய்யும்.

எனக்கு நெடுநாளாக ஆத்திரம் இதில்தான். கற்க வருகிறவரிடம் கோணல் தாளை விற்றுவிட்டு, பழியையும் அவர் கைமேலேயே போடுகிறார்கள். வேறு குறையுள்ள ஒரு நோட்டு என்னிடமும் இருக்கிறது. கட்டங்கள் சரிதான், தாளோ வழவழவென்று இருப்பதால் 2எச் கோடு பதியவே மறுக்கிறது. கட்டம் வெளிர்நீலமாகவோ வெளிர்சாம்பலாகவோ இருக்க வேண்டும், தாளில் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

ஸ்கேலை வைத்தபடி மூன்று திசைக்கும் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஐசோமெட்ரிக் என்று விற்ற தாளில் முக்கோணங்கள் சமபக்கமாக இல்லை’ என்று அளவுகளோடு எழுதுங்கள். மறுத்தால் அதே படங்களோடு விற்பனைத் தளத்திடம் புகார் செய்யுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: இணைகோடும் கோணமும் போடும் டிராஃப்டர், காம்பஸ் பெட்டி எல்லாம் வாங்கிவிட்டேன். பாடம் முழுக்க ஃப்ரீஹேண்ட் என்று பிறகுதான் தெரிந்தது. பில் இல்லை, பெட்டியையும் பிரித்துவிட்டேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

பதில்: இல்லை. நீங்கள் கேட்டதை அவர் கொடுத்திருக்கிறார். பாடத்திட்டத்தைப் படிக்காமல் கடைக்குப் போனதும் பில்லைத் தொலைத்ததும் அவர் செய்ததல்ல.

கேள்வி: வட்டம் கோழிமுட்டையாக வருகிறது. வட்ட அச்சுத் தகடு வாங்கட்டுமா?

பதில்: தகட்டை வைத்து வரைந்தால் அது ஃப்ரீஹேண்ட் இல்லையே. மெல்லிய கோட்டில் ஒரு சதுரம் போடுங்கள். நடுக்கோடுகள் இரண்டு, மூலைவிட்டங்கள் இரண்டு. வட்டம் பக்கங்களின் நடுப்புள்ளிகளைத் தொடும். மூலைவிட்டங்களில், மையத்திலிருந்து ஒவ்வொரு மூலைவரையும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கில் புள்ளி வையுங்கள். எட்டுப் புள்ளி கிடைத்துவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிச் சிறு வில்களாக இணையுங்கள். பெரிய வட்டமென்றால், ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் ஆரத்தைக் குறித்து, மையத்தைச் சுற்றி நகர்த்திப் புள்ளிகள் இடலாம்.

கேள்வி: நேர்கோடு நடுங்குகிறது. 0.3 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் உதவுமா?

பதில்: உதவாது. அந்த லெட் கொஞ்சம் அழுத்தினாலே முறியும், பழகுவதற்கு 0.5 அல்லது 0.7 வாங்குங்கள். முனையிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளித் தளர்வாகப் பிடியுங்கள். இரு முனைகளிலும் புள்ளி வைத்து, பென்சில் முனையைப் பார்க்காமல் கோடு போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்து வரையுங்கள். நீளக் கோட்டுக்கு விரலை அசைக்காமல் முழுக் கையையும் நகர்த்துங்கள். முதலில் லேசாக ஒன்று. சரியாக வந்தபின் அதன்மேல் அழுத்தமாக ஒன்று.