மலையை விட்டு வந்தேன், சரிபார்ப்பதை விட முடியவில்லை

அன்பின் ஐயா,

எனக்கு 41 வயது. திருகோணமலை உவர்மலையில் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகளோடு இருக்கிறேன். அப்பா இறந்த பிறகு, போன வருடம் நிரந்தரமாக ஊர் திரும்பினேன். அதற்கு முன் ஹவாயில், மௌனா கீ மலை உச்சியில் உள்ள ஒரு வானியல் ஆய்வு நிலையத்தில் எலக்ட்ரோனிக்ஸ் டெக்னீஷியன். கிரீன் கார்ட் குலுக்கலில் பெயர் விழுந்து அமெரிக்கா போய் அந்த வேலையில் சேர்ந்தது தனிக் கதை. ஹவாய் மக்களுக்கு அது புனித மலை. கோணேசர் மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரவு முழுக்க நட்சத்திரம் பார்க்கிற வேலை என்றுதான் இங்கே நினைக்கிறார்கள். நான் பகல் ஆள். விஞ்ஞானிகள் பெரும்பாலும் மலையடி ஊரில் இருந்தபடியே வேலை செய்வார்கள். இரவில் எது கரைச்சல் கொடுத்தது என்ற குறிப்பைக் காலையில் வாசித்துவிட்டு, மேலே ஏறித் திருத்துவது நாங்கள். கடற்கரை ஊரில் படுத்தெழும்பி அன்று காலையிலேயே 4,200 மீற்றர் ஏறுவோம். இடையில் 2,800 மீற்றரில் கொஞ்ச நேரம் நின்று உடம்பைப் பழக்குவோம். உச்சியில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் 60 வீதம்தான். விரலில் மாட்டிப் பார்த்தால் ஒட்சிசன் 85க்குக் கிட்ட நிற்கும். கொரோனா நேரம் அந்த இலக்கத்தைப் பார்த்தால் இங்கே அம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பார்கள்.

மெஷினுக்கும் அதே பாடுதான். மெல்லிய காற்று சூட்டைச் சரியாக எடுத்துப்போகாது, அதனால் பவர் சப்ளையை அதன் முழு அளவுக்கு ஓட்ட முடியாது. உயர் வோல்டேஜ் இடைவெளி தாண்டிப் பொறி பாய்வதும் அங்கே சுலபம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கை 3,000 மீற்றருக்கு மேல் நம்பக்கூடாது, தகவலை வாசிக்கும் அதன் ஹெட் காற்றில்தான் மிதக்கிறது. எல்லாவற்றையும் விடக் கரைச்சல் எங்கள் தலைதான். கனெக்டரில் ஒரு பின்னின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு மீற்றர் பக்கம் திரும்புவேன், அதற்குள் இலக்கம் போய்விடும். கைச்சட்டையில் டேப் ஒட்டி அதில் எழுதிக்கொள்வேன். ஒருவர் வாசிக்க மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தொலைநோக்கியை மூடியிருக்கும் டோமைச் சுழற்றும் மோட்டாரில் கை வைக்குமுன், வேறு யாரும் கரண்டைப் போடாதபடி அவரவர் தன் பூட்டை பிரேக்கரில் போட வேண்டும், திறப்பு தன் பொக்கற்றில் இருக்க வேண்டும். நினைவை நம்பாதே, பட்டியலை நம்பு என்பதுதான் அங்கே முதல் பாடம்.

அது இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது. இரவு கேஸ் மூடியதைப் பார்க்கக் குசினிக்குப் போகிறேன், வந்து படுக்கிறேன், திரும்பப் போகிறேன். 2021 கடைசியில் சிலிண்டர் வெடித்த செய்திகள் வந்ததால் அம்மா முதலில் மெச்சினார். இப்போது அவருக்கே சலித்துவிட்டது. ஒரு நாளும் அது திறந்து கிடந்ததில்லை. பிறகு படலை, கிணற்று மோட்டார். மனைவி "மூடிட்டன்" என்றால் போதவில்லை, "ரெகுலேட்டரையும் மூடிட்டன்" என்று முழுதாகச் சொல்லவைக்கிறேன். ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, அம்மா சட்னி அரைக்க ஏலாமல் நின்றதும் நடந்தது. நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் சோலர் இன்வேர்ட்டர் வேலை செய்கிறேன், அங்கேயும் இழுபடுகிறது. போன கிழமை மகள் படுக்கையில் இருந்தபடி, "அப்பா, நான் புத்தகப் பையை மூடினனானா?" என்று கேட்டாள். பை அவள் கண் முன்னேதான் இருந்தது.

அந்தக் காற்று என் மூளையைக் கெடுத்துவிட்டதா? இல்லை, இது வேறு வருத்தமா?

உவர்மலை வாசகர்

*

அன்பின் தம்பி,

மூளையைப் பற்றிய பயத்தை முதலில் பார்ப்போம். அந்த உயரத்தில் கவனமும் அப்போதைக்கான நினைவும் தடுமாறுவது ஒட்சிசன் குறைவால். கீழே இறங்கினால் பொதுவாக அது தெளிந்துவிடும். பெயர்களோ வழிகளோ, சொன்ன சொல்லோ இப்போதும் மறந்துபோகிறது என்றால் ஒரு வைத்தியரிடம் போய்ப் பார்க்கத்தான் வேண்டும், கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மறதி எங்கே இருக்கிறது? கேஸ் ஒரு நாளும் திறந்து கிடக்கவில்லை. நினைவு தன் வேலையைச் செய்கிறது. அதில் உங்களுக்கு நம்பிக்கைதான் இல்லை.

அந்த நம்பிக்கை எப்படிக் கரைகிறது என்பதற்கு, உங்கள் வீட்டுக் குசினிக்கே பொருந்துகிற ஓர் ஆராய்ச்சி உண்டு. 2003இல் வான் டென் ஹௌட், கின்ட் என்ற நெதர்லாந்து உளவியலாளர்கள் மாணவர்களைக் கணினித் திரையில் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, மூடி, சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு குழு அதையே திரும்பத் திரும்பச் செய்தது. மற்றக் குழு இடையில் அடுப்பை விட்டு மின்குமிழ்களைச் சரிபார்த்தது. கடைசியாகப் பார்த்த அடுப்பைப் பற்றி விசாரித்தபோது இரு குழுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு சரியாகச் சொன்னது. ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக இருந்தது, தாங்கள் சொன்னதில் அவர்களுக்கே நம்பிக்கை குறைந்திருந்தது. ஒரே காரியத்தைப் பலதரம் செய்தால் இன்று செய்தது எது, நேற்றையது எது என்று பிரிபடாது. நீங்கள் ஐந்தாம் தரம் குசினிக்குப் போவது, நாலு தரம் போனதால்தான்.

அப்படியானால் மலையில் ஏன் இது நோயாகவில்லை? அங்கே இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்தீர்கள், கையில் பட்டியல் இருந்தது, கடைசி வரியோடு காரியம் முடிந்தது. முக்கியமாக, பின்னேரம் இறங்கும்போது இரவுக்குப் பொறுப்பானவர்களிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். இங்கே பகல் ஆளும் நீங்கள், இரவுக் காவலும் நீங்கள். அப்பா போன பிறகு வந்த வீடு அது. இரவில் படலை பூட்டியதா என்று முன்பு பார்த்தவர் அவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். பிழை என்றால் சொல்லுங்கள்.

மலை மேல் மட்டும் பழியைப் போடவும் எனக்கு மனமில்லை. உங்கள் வயதில், யுத்தத்துக்குள் திருகோணமலையில் வளர்ந்த எவரும் அடையாள அட்டை இருக்கிறதா என்று பொக்கற்றைத் தடவித் தடவித்தான் வெளியே போனார்கள். அன்று அதைத் தேவையில்லாத பழக்கம் என்று யார் சொல்வது? சோதனைச் சாவடியில் அட்டை இல்லாதவன் பாடு உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்துக்கு மலை ஒரு சட்டமும் சம்பளமும் கொடுத்தது. அவ்வளவுதான் நடந்திருக்கும் போல.

சரி, என்ன செய்யலாம்? வேலையில் பூட்டை விடாதீர்கள். வெயில் நேரத்தில் மெயினை நிறுத்தினாலும் சோலர் தகட்டிலிருந்து கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பட்டியலை ஒரு தரம் பார்த்து, கையெழுத்து வைத்து, கிளம்புங்கள். வீட்டிலும் கரண்ட் வேலைக்கு மெயின் சுவிட்சைப் பூட்டுவது புத்திசாலித்தனம்தான். அம்மாவிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

குசினிதான் வேறு கதை. அங்கே பட்டியல் வேண்டாம், படம் எடுத்து வைக்கவும் வேண்டாம். மூடிய குமிழைப் படம் எடுத்துக்கொண்டு படுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பிறகு அந்தப் படத்தைப் பத்துத் தரம் பார்ப்பார்கள். கையால் ஒரு தரம் மூடுங்கள், மூடும்போது அதைப் பாருங்கள், வந்து படுங்கள். மனம் இழுக்கும், நெஞ்சு படபடக்கும். கொஞ்ச நேரம் ஏறி, பிறகு தானாக இறங்கும். எழும்பாமல் அதை இறங்கவிடுவதுதான் சிகிச்சை. 1966இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதிய காலத்திலிருந்து இந்த வழி வளர்ந்து வந்திருக்கிறது, இன்றும் முதலில் கைகொடுப்பது இதுதான். எல்லாவற்றையும் ஒரே இரவில் விட முயலாதீர்கள். கிணற்று மோட்டாரில் தொடங்குங்கள், அதில் பயம் குறைவு. கேஸ் கடைசியில்.

மனைவியிடம் உட்கார்ந்து கதையுங்கள். "இனிமேல் நான் கேட்டால் திருப்பிச் சொல்லாதே, கோபப்படாமல் சிரித்துவிட்டுப் போ" என்று நீங்களாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் தானாக நிறுத்தினால் சண்டையாகும். மகள் கேட்கும்போதும் "ஓம், மூடிட்டாய்" என்று உறுதி சொல்லாதீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போங்கள். பிள்ளைகள் பார்த்துப் படிப்பதை, பார்த்தே விடவும் செய்வார்கள். அவள் முன்னால் ஒரே தரம் படலையைப் பூட்டிவிட்டு வாருங்கள்.

இந்தச் சரிபார்ப்பும் அதைப் பற்றிய நினைப்பும் நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தின்கிறதென்றால், இது வெறும் பழக்கம் என்று விட முடியாது. மனச்சுழற்சி நோய் (OCD) என்று பார்க்க வேண்டியிருக்கும், மருந்தும் உதவும். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். போக முன் யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் எந்த நேரமும் தமிழிலும் கதைக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் கேட்க நிறைய இருக்கும்.