கேபிளை நிறுத்தும் முன்: எந்த ஸ்ட்ரீமிங் சாதனத்தை வாங்குவது?

கேள்வி: கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங் சாதனம் வாங்க எண்ணுகிறோம். எங்கள் தொலைக்காட்சி 4கே வகையன்று. ஹெச்டிஎம்ஐ இணைப்பு உண்டு. ஸ்டிக், பெட்டி என்று பலவகை விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: சாதனத்தைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வேலை. வீட்டில் உள்ளவர்கள் உண்மையிலேயே பார்க்கும் சேனல்களை முதலில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் செயலியில் வருகிறது, இலவசமா சந்தாவா, நேரலையா அல்லது ஒளிபரப்பு முடிந்த பிறகு ஏற்றப்படுவதா என்று பாருங்கள். கேபிளில் எத்தனை நூறு சேனல்கள் வந்தாலும், இந்தத் தாளில் பத்துக்கு மேல் ஏறுவது அபூர்வம். விளையாட்டு பார்ப்பவர் வீட்டில் இருந்தால் அந்த வரியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். போட்டிகளின் உரிமை வெவ்வேறு செயலிகளிடம் பிரிந்து கிடக்கலாம். இணையவழி நேரலை கேபிளைவிடச் சற்றுப் பிந்தி வருவதால், பக்கத்து வீட்டின் ஆரவாரம் முந்திக் கேட்டுவிடும். சந்தாக்களையெல்லாம் கூட்டிய தொகை கேபிள் கட்டணத்தைத் தாண்டினால், செலவைக் குறைக்க நினைப்பவர் கேபிளிலேயே இருந்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

அடுத்து இணையம். நெட்ஃபிளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குப் பரிந்துரைக்கும் வேகம் முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். பெரும்பாலான வீடுகளில் இடறுவது வேகமன்று, மாத அளவுதான். ஹெச்டி படம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று கொண்டால் மாதத்துக்கு 360 ஜிபி. அதுவும் ஒரே தொலைக்காட்சிக்கு. உங்கள் திட்டம் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கிறது என்பதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி சாதனம். ரோக்கு, அமேசான் ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆப்பிள் டிவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயலிக் கடை உண்டு. ஒன்றில் இருக்கும் செயலி மற்றொன்றில் இல்லாமல் போகலாம். ஆகவே உங்கள் தாளில் உள்ள செயலிகள் அனைத்தும் எதில் கிடைக்கின்றனவோ, அதற்குத்தான் முதலிடம். உங்கள் தொலைக்காட்சிக்கு 4கே தேவையில்லை என்றாலும், விலை வித்தியாசம் சிறிதென்றால் 4கே மாடலையே வாங்கச் சொல்வேன். படத் தெளிவுக்காக அல்ல. அவற்றில் பெரும்பாலும் நினைவகமும் பிராசசர் திறனும் சற்றுத் தாராளமாக இருக்கும் என்பதற்காக. செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகின்றன. 1 ஜிபி ரேம் உள்ள ஸ்டிக் வாங்கிய புதிதில் நன்றாக ஓடினாலும் போகப்போகத் திணறும். 2 ஜிபி இருந்தால் நிம்மதி. ஏவி1 என்னும் காணொளி முறையைச் சாதனம் வன்பொருளிலேயே கையாளுமா என்றும் கேளுங்கள். அதை யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் பயன்படுத்துவதால், அதே தெளிவு குறைந்த டேட்டாவில் கிடைக்கும்.

ரூட்டர் தொலைக்காட்சிக்கு அருகிலேயே இருந்தால் ஸ்டிக் போதும். சுவர்கள் தாண்டி வைஃபை வரவேண்டிய அறையென்றால், ஈதர்நெட் துளையுள்ள பெட்டியை வாங்கிக் கம்பி இழுத்துவிடுங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலாக இருந்தால், மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் வருகிறதா என்று விசாரிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கூகுள் 2024ஆம் ஆண்டு குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தியது. பெயர் பெற்ற பொருளுக்கும் இது நேரும்.

கேள்வி: “எல்லாச் சேனல்களும் வாழ்நாள் முழுவதும் இலவசம்” என்ற விளம்பரத்துடன் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்று மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சந்தா கட்டிப் பார்க்க வேண்டிய சேனல்களை இலவசமாகத் தருவதென்றால் அது திருட்டு ஒளிபரப்பாகத்தான் இருக்க முடியும். இன்று வரும், நாளை நின்றுவிடும், யாரிடமும் முறையிடவும் முடியாது. அதைவிடப் பெரிய ஆபத்து உள்ளே இருக்கிறது. பேட்பாக்ஸ் 2.0 என்னும் தீங்கு மென்பொருள் இத்தகைய பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே ஏற்றப்பட்டோ, முதன்முதலாக இயக்கும்போது நிறுவப்படும் செயலிகள் வழியாகவோ புகுந்து, வாங்கியவரின் வீட்டு இணையத்தைக் குற்றவாளிகள் பயன்படுத்த வழிசெய்கிறது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூன் மாதம் எச்சரித்தது. தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு வசதியான கூகுள் பிளே புரொடெக்டை அமைக்கும்போது அணைக்கச் சொல்லும் பெட்டி எதுவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சட்டப்படி சந்தா கட்டிப் பார்த்தாலும் இவற்றில் பயன் குறைவு. வைட்வைன் எல்1 என்னும் நகல் தடுப்புப் பாதுகாப்புச் சான்று இல்லாத சாதனத்துக்குப் பல கட்டணச் செயலிகள் ஹெச்டி படத்தை அனுப்புவதில்லை. அட்டைப்பெட்டியில் 8கே என்று அச்சிட்டிருந்தாலும் திரையில் தெரிவது மங்கலான 480 வரிப் படமாகவே இருக்கும்.

கேள்வி: நல்ல நிறுவனத்தின் ஸ்டிக்தான் வாங்கினேன். ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பழுதான பொருளா?

பதில்: ஸ்டிக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சியின் பின்புறமுள்ள யுஎஸ்பி துளையில் செருகியிருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவே. பழைய யுஎஸ்பி 2.0 துளையின் முறையான அளவு 0.5 ஆம்பியர், பல ஸ்டிக்குகள் 1 ஆம்பியர் வரை கேட்கும். முகப்புத் திரையில் நின்றிருக்கும்வரை ஒன்றும் தெரியாது, ஹெச்டி படம் ஓடத் தொடங்கி மின்தேவை ஏறும்போதுதான் அணையும். கூடவே வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் செருகுங்கள். கொடுத்திருந்தால் சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியையும் பயன்படுத்துங்கள், ஸ்டிக் தொலைக்காட்சியின் சூட்டிலிருந்து விலகும், வைஃபையும் சற்று நன்றாகப் பிடிக்கும். இதற்குப் பிறகும் அணைந்தால் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. சேனல் எண்ணை அழுத்திப் பழகியவர். அவருக்கு இது சரிவருமா?

பதில்: அவருக்காக மட்டும் என்றால் கேபிளை விட்டுவைப்பதே நல்லது. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், தொலைக்காட்சியின் ஒலியையும் மின்விசையையும் தானே கையாளும் ரிமோட் உள்ள சாதனமாகப் பாருங்கள். இரண்டு ரிமோட்டுகள் மேசையில் இருந்தால் குழப்பம் அங்கேயே தொடங்கும். தொலைக்காட்சி அமைப்பில் ஹெச்டிஎம்ஐ சிஇசி வசதியை இயக்கிவிட்டால், ஸ்டிக் ரிமோட்டை அழுத்தியதும் திரை தானே சரியான இணைப்புக்கு மாறும். அவர் பார்க்கும் இரண்டு மூன்று செயலிகளை மட்டும் முகப்பின் முதல் வரிசையில் வைத்து, எதையும் வாங்குவதற்குக் கடவு எண் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

ஒரு மாதம் கேபிளும் ஸ்டிக்கும் இரண்டுமே வீட்டில் இருக்கட்டும். அவர் கை எந்த ரிமோட்டை நாடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கேபிளை நிறுத்துவதானால் எழுத்துமூலம் தெரிவித்து, செட்-டாப் பாக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானதென்றால் அதைத் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெறவும் அந்த ரசீது வேண்டும்.