விடுமுறையில் எடுத்த வகுப்பும் குறைந்து வந்த கொடுப்பனவும்

கேள்வி: கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 14 ஆண்டுகளாக விரிவுரையாளராக இருக்கிறேன். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில், மீள்பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்களுக்காக 30 மணித்தியாலப் பாடநெறி ஒன்றை நடத்தினேன். முன்பெல்லாம் இத்தகைய வகுப்புகளின் கணக்கைப் பீடமே பார்த்தது. இரண்டு மாதங்களுக்குள் பணம் வந்துவிடும். இப்போது அனைத்தும் மத்திய நிதிப்பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. ஏழு மாதங்களின் பின் வந்த கொடுப்பனவு 22 மணித்தியாலங்களுக்கு மட்டுமே இருந்தது. மணித்தியால வீதமும் குறைந்திருந்தது. விசாரித்தபோது, வீதம் செப்டெம்பரில் திருத்தப்பட்டதாகச் சொன்னார்கள். “ஓகஸ்டிலும் உங்களுக்குச் சம்பளம் வந்ததுதானே?” என்றும் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் கற்பிக்கும் என் தோழிக்குக் கோடை வகுப்புக்கெனத் தனிச் சம்பளம் கிடைக்கிறது. வரும் விடுமுறைக்கும் என்னையே அழைக்கிறார்கள். மறுத்தால் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்களே என்று தயங்குகிறேன். “காசுக்காகவா படிப்பிக்கிறாய், விட்டுவிடு” என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தோழியின் கதையை ஒதுக்கிவைத்துவிடுவோம், ஏனெனில் அந்த ஒப்பீடு உங்கள் வாதத்தைப் பலவீனப்படுத்தும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியரின் ஒப்பந்தம் ஒன்பது மாதங்களுக்கே உரியது. கோடைக்காலம் அதற்கு வெளியே நிற்பதால்தான் அங்கே தனிக் கொடுப்பனவு தருகிறார்கள்; சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தின் ஒரு வீதமாகவும், சில இடங்களில் பாடநெறிக்கு இவ்வளவு என்றும் அது கணிக்கப்படுகிறது. மாணவர் தொகை போதாவிட்டால் வகுப்பே கைவிடப்படுவதும் உண்டு. நமக்கோ பன்னிரண்டு மாதச் சம்பளம். ஆகவே, “ஓகஸ்டிலும் சம்பளம் வந்ததுதானே?” என்று கேட்டவரை முற்றிலும் பிழை என்று சொல்லிவிட முடியாது. “அது என் விடுமுறை” என்று அவருக்குப் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட கற்பித்தல் பளுவுக்கு மேலதிகமாக இந்த வகுப்பு இருந்தது, அதனாலேயே பல்கலைக்கழகம் தானாக ஒரு மணித்தியால வீதத்தை நிர்ணயித்து உங்களை அழைத்தது என்பதே சரியான பதில். வீதம் பேசி அழைத்த பிறகு மாதச் சம்பளத்தைச் சுட்டிக்காட்ட இடமில்லை.

உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன: மணித்தியாலம் குறைந்தது, வீதம் குறைந்தது, பணம் தாமதித்தது. மூன்றையும் ஒரே மூச்சில் முறையிட்டால் எதற்கும் விடை வராது.

மணித்தியாலக் கணக்கு பெரும்பாலும் ஒரு தாள் விவகாரமாகவே இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு வகுப்பு இரண்டு மணித்தியாலம் என்றால், விடுபட்ட எட்டு மணித்தியாலங்கள் நான்கு வகுப்புகளுக்குச் சமம். கொடுப்பனவுக் கோவையில் எங்கோ ஒரு வாரத்தின் வரவுப் பட்டியல் பிரிந்து போயிருக்கக்கூடும், அல்லது வேறு மண்டபத்தில் நடந்த நாட்களுக்குத் துறைத் தலைவரின் ஒப்பம் இல்லாதிருக்கக்கூடும். நான் கற்பித்த காலத்தில் எனக்கே இது நேர்ந்தது. மாதக்கணக்காக அலைந்து, கடைசியில் கோவையை நேரில் புரட்டிப் பார்த்தபோது, என் வவுச்சரின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. “8.30 - 10.30” என்று எழுதிய நான், மொத்தம் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தேன். கேள்விக்குறியை இட்டவர் என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவுமில்லை. அதனால், நிதிப்பிரிவின் எழுதுவினைஞரோடு கோபித்துக்கொள்ளாமல், கோவையைக் காட்டுமாறு மட்டும் கேளுங்கள்.

வீதம்தான் உண்மையான வழக்கு. ஆனால், கையில் வந்த தொகையை மணித்தியாலத்தால் பிரித்து வீதத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வரி கழிந்த தொகை உங்களைத் திசைதிருப்பிவிடும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபாய்க்கே விலக்கு உண்டு. அதற்கு மேல் சம்பாதிப்பவருக்கு மேலதிகக் கொடுப்பனவிலும் வரி விழும். பற்றுச்சீட்டிலுள்ள மொத்தத் தொகையைப் பாருங்கள். அதன் பிறகும் குறைவாக இருந்தால், செப்டெம்பர் சுற்றறிக்கையின் பிரதியைக் கேட்டு, அது எத்திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற ஒரு வரியை மட்டும் வாசியுங்கள். முன்திகதியிடப்பட்டதாக அதில் இல்லாவிட்டால், ஓகஸ்டில் எடுத்த வகுப்புக்கு ஓகஸ்டின் வீதமே பொருந்தும் என்று எழுத்தில் கோரலாம். பிரதி தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்க வேண்டும். தாம் வேலை செய்யும் நிறுவனத்திடமே தகவலறியும் விண்ணப்பம் கொடுக்கப் பலர் கூசுகிறார்கள். நானும் அதை முதற்படியாகச் சொல்லமாட்டேன், ஆனால் கூச வேண்டியதில்லை.

தாமதத்துக்குக் காரணம் மத்தியமயமாக்கல்தான் என்கிறீர்கள். பாதி உண்மை. பீடங்கள் தாமே காசு வைத்திருந்த நாட்களை நாம் சற்று இனிப்பாகவே நினைவுகூர்கிறோம். பீடாதிபதிக்கு நெருங்கியவரின் வவுச்சர் முந்தியதும், கணக்காய்வு வந்தபோது பற்றுச்சீட்டுத் தேடி ஓடியதும் அக்காலத்தில்தான். மையத்துக்கு இழுப்பதும் நமக்குப் புதிதல்ல. 1972 இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் ஒரே பல்கலைக்கழகமாக்கி, கொழும்பும் பேராதனையும் அதன் வளாகங்கள் என்றார்கள்; 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு முடிந்தது. காசு ஓரிடத்தில் இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பீடத்தில் இருந்தபோது கேட்க ஓர் ஆள் இருந்தார், இப்போது கேட்க ஆளில்லை. அதுதான் என் ஆட்சேபம். ஆகவே, பழையபடி பீடத்துக்கே தாருங்கள் என்று கோருவதை விட, விடுமுறைக் கொடுப்பனவுகளுக்குப் பொறுப்பான அலுவலர் யார், வவுச்சர் கிடைத்து எத்தனை நாட்களுக்குள் பணம் தரப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் கோருங்கள்.

இதற்கான வழி உங்கள் பீடச் சபை. அங்கே தீர்மானமாக நிறைவேறினால், பதவி வழியாகவே, பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையில் அமர்ந்திருக்கும் உங்கள் பீடாதிபதி அதனை அங்கே முன்வைக்க முடியும். பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அது நியமனம், பதவி உயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியவற்றுக்கான இடம், உங்கள் காலம்தான் வீணாகும். ஆசிரியர் சங்கத்தை நாடுங்கள், ஆனால் அளவறிந்து நாடுங்கள். 2012 இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஏறத்தாழ நூறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கேட்டது. அந்த அளவிலான கோரிக்கைகளுக்கு நடுவே உங்கள் எட்டு மணித்தியாலம் காணாமற் போய்விடும். உங்கள் பல்கலைக்கழகச் சங்கக் கிளையே போதும்.

வரும் விடுமுறைக்கு ஒப்புக்கொள்ளலாம், ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். எத்தனை மணித்தியாலம், என்ன வீதம், வினாத்தாள் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் அதற்குள் அடங்குமா, பணம் எப்போது வரும் என்பன அடங்கிய கடிதம் கைக்கு வந்த பிறகே நேரசூசியில் பெயர் போட விடுங்கள். வகுப்புத் தொடங்க மூன்று வாரங்கள் இருக்கும்போதும் கடிதம் வராவிட்டால், அன்றே துறைத் தலைவரிடம் இயலாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகளைப் பாதிப்பது மறுப்பு அல்ல, கடைசி நேர மறுப்பு. ஹற்றனிலிருந்து வரும் ஒரு மாணவி, விடுதி மூடியிருக்கும் அந்த மாதத்துக்காக வெள்ளவத்தையில் அறைக்கு முற்பணம் கட்டிய பிறகு வகுப்பு இல்லை என்று அறிவதுதான் அநியாயம்.

கணவருக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவருடைய மேலதிக நேரக் கொடுப்பனவை அவருடைய அலுவலகம் இப்படிக் குறைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நீங்களே கேளுங்கள்.

இன்னொன்று. அதே விடுமுறையில் உங்களோடு தற்காலிக உதவி விரிவுரையாளர்களும் வகுப்பெடுத்திருப்பார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டுமே என்ற பயத்தில் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுடைய கொடுப்பனவு வந்ததா என்று கேட்டறிந்து, அவர்கள் சம்மதித்தால், உங்கள் கடிதத்திலேயே அவர்களின் நிலுவையையும் குறிப்பிடுங்கள். கடிதத்தை ஒப்படைக்கும்போது இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதி முத்திரையை வாங்கி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.